ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடனே புதுசு வாங்க வேண்டாம்

பங்குனி பிறந்துவிட்டால் தருமபுரி, பாலக்கோடு பக்கமிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, ஃபேன் ஓடுது, காத்தே வரல." பலர் கடையில் புது ஃபேன் விலை விசாரித்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பொருளை மாற்றினால் சரியாகிற கோளாறுக்கு ஆயிரக்கணக்கில் செலவாவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் எல்லா ஃபேனும் சாயங்காலத்தில் மட்டும் சோர்ந்து போகிறதா? அப்படியானால் குறை வோல்டேஜில். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் இழுவை ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகிவிடும். லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்து வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், ஃபேனைக் கழற்றிப் பயனில்லை.

ஒரே ஒரு ஃபேன் மட்டும், எந்நேரமும் மெதுவா? ரெகுலேட்டரை 5-ல் வையுங்கள். இப்போதைய ஸ்டெப் ரெகுலேட்டர்களில் 5 என்பது நேர் இணைப்பு. அதில் நன்றாகச் சுற்றி, 2, 3-ல் மட்டும் தகராறு என்றால் ரெகுலேட்டரை மாற்றினால் போதும். 5-லும் மெதுவாக இருந்தால் என் சந்தேகம் கண்டன்சர் மேல்தான் போகும். கெப்பாசிட்டர் என்றும் சொல்வார்கள். மோட்டார் சுற்ற இழுவை கிடைக்க உதவும் சின்னப் பொருள் இது, இதன் அளவு குறைந்தால் வேகமும் குறையும்.

கண்டன்சருக்குள் இருப்பது பிளாஸ்டிக் ஃபிலிம், அதன்மேல் மெல்லிய உலோகப் பூச்சு. ஃபிலிமில் எங்காவது பொறி தட்டினால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் ஆவியாகி, பழுது தானாகவே அடைபட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கண்டன்சரின் அளவு துளித்துளியாகக் குறைகிறது. 2.5 மைக்ரோ ஃபேரட் (கண்டன்சரை அளக்கும் அலகு) இருந்தது 1.5-க்கு வந்து நிற்கும். அதனால்தான் வேகம் ஒரே நாளில் போகாமல், மாதக்கணக்கில் நமக்கே தெரியாமல் குறைகிறது. சூடு ஏற ஏற இந்தத் தேய்மானமும் கூடும். ஷீட் போட்ட வீடுகளில் சித்திரை வெயிலுக்குக் கூரையை ஒட்டித் தொங்கும் ஃபேன் என்ன பாடு படும், யோசித்துப் பாருங்கள்.

மாற்றும்போது பழைய கண்டன்சரில் என்ன அளவு அச்சிட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். "கொஞ்சம் பெருசா போடுங்கண்ணா, காத்து அள்ளும்" என்று கேட்பவர்கள் உண்டு. நான் போட மாட்டேன். அளவு கூடினால் மோட்டாருக்குள் கண்டன்சரோடு சேர்ந்த ஸ்டார்ட்டிங் காயிலில் கரண்டும் கூடும், காயில் சூடேறிக் கருகும். அப்புறம் ரீவைண்டிங், அதாவது காயிலைப் புதிதாகக் கட்டும் செலவு கண்டன்சர் விலையைப்போல் பல மடங்கு.

மெயினை அணைத்துவிட்டு றெக்கையைக் கையால் சுற்றியும் பாருங்கள். சட்டென நின்றாலோ கரகரவென்றாலோ பேரிங் போயிருக்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகளை ஒட்டிய வீடுகளில் றெக்கையின் முன்விளிம்பில் தூசி தடித்துப் படிந்திருக்கும். அதைத் துடைத்தாலே காற்று கொஞ்சம் கூடும். காயில் கட்டி வந்த பிறகு காற்று இல்லையென்றால், கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் சுற்றுகிறதா என்று பாருங்கள், அதுதான் சரியான திசை. எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் புதுவகையான பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இந்தக் கண்டன்சர் வைத்தியம் பொருந்தாது, சர்வீஸ் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

ஃபேனில் கை வைக்குமுன் சுவிட்சை அணைத்தால் போதாது, தயவுசெய்து மெயினை அணையுங்கள். பழைய வீடுகளில் பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (திரும்பும் ஒயர்) மாறியிருக்கும், சுவிட்சை அணைத்தும் மேலே கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒயரைத் தொடாதீர்கள். மெயினை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், அதன் முனைகளை வெறும் கையால் தொட வேண்டாம். இரும்பு நாற்காலி வேண்டாம், ஆடாத மர ஸ்டூல் போடுங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேலே ஏறியதுதான் ஏறினீர்கள், ஹூக்கில் மாட்டியிருக்கும் போல்ட்டில், அது கழன்று வராமல் தடுக்கும் பிளவு பின் இருக்கிறதா, ரப்பர் உருளை வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.