நல்: சுழியா, வெற்றா, இன்மையா?

தரவுத்தளத்தில் ஒரு கட்டத்துக்கு மதிப்பே பதியப்படவில்லை என்பதைக் காட்டும் குறி ‘நல்’ (NULL). இலத்தீனில் ‘இல்லை’ என்னும் நே, ‘ஏதேனும்’ என்னும் உல்லுஸ் இரண்டும் சேர்ந்து நுல்லுஸ் ஆயிற்று; ‘எதுவுமில்லை’ என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சட்டத்தில் ‘செல்லாதது’ என்னும் பொருளிலும் வழங்குகிறது. தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளக் கருத்தை 1970இல் முன்வைத்த எட்கர் காட், 1979இல் எழுதிய கட்டுரையில் இந்தக் குறியைக் கையாள உண்மை, பொய், தெரியாது என்னும் மூன்று நிலைகளை வகுத்தார். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் அவ்வழியே நடக்கிறது. ஆகவே நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால் ‘தெரியாது’ என்றே விடை வரும். சமக்குறி போட்டுத் தேடினால் ஒரு வரிசையும் கிடைக்காது. ‘ஈஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும்.

அறிக்கை தயாரிக்கும்போது சிக்கல் பெருகுகிறது. விற்பனையே நடக்காத நாளுக்கு வரிசைகளை எண்ணும் ‘கவுண்ட்’ 0 தரும்; தொகையைக் கூட்டும் ‘சம்’ நல் தரும். கிளைவாரியாகப் பிரிக்க ‘குரூப் பை’ சேர்த்தாலோ அந்த ஒரு வரிசையும் வராது, கிளையின் பெயரே அறிக்கையிலிருந்து காணாமல் போகும். கிளைப் பட்டியலை இடப்பக்கம் வைத்து, அதன் வரிசைகளையெல்லாம் விடாமல் விற்பனைப் பட்டியலோடு இணைக்கும் ‘லெஃப்ட் ஜாயின்’ செய்வதுதான் சரியான வழி. அப்போதும் விற்பனைத் தேதிக்கான நிபந்தனை, இணைக்கும் விதியைச் சொல்லும் ‘ஆன்’ பகுதியில் இருக்க வேண்டும். அதை, இணைத்தபின் வடிகட்டும் ‘வேர்’ பகுதியில் எழுதினால் நல் வரிசைகள் வடிகட்டப்பட்டு, விற்பனையில்லாத கிளை மறுபடி மறைந்துவிடும். மிகப் பலர் தடுக்கி விழும் இடம் இது.

நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு தரும் ‘கோலெஸ்’ கொண்டு நல்லை 0 ஆக்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. மூன்று மாணவர் மதிப்பெண்கள் 100, 50, நல் என்றால் சராசரி காணும் ‘ஏவிஜி’ நல்லை விட்டுவிட்டு 75 தரும். நல்லை 0 ஆக்கினால் சராசரி 50 ஆகிவிடும். தேர்வே எழுதாதவரைச் சுழி வாங்கியவராக்குவது பிழை. பட்டியலில் இல்லாதவற்றைத் தேடும் ‘நாட் இன்’னில், அந்தப் பட்டியலில் ஒரே ஒரு நல் நுழைந்தாலும் மொத்த விடையும் வெறுமையாகும். அங்கே ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ பாதுகாப்பானது. ஆரக்கிள் என்னும் தரவுத்தள மென்பொருளில், எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் நல்லாகவே கொள்ளப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? ஒலிபெயர்ப்பு உதவாது: ‘நல் மதிப்பு’ என்றால் நல்ல மதிப்பு என்றே படிப்போம். ‘இன்மதிப்பு’ என்றால் இன்சொல் போல இனிமை தொனிக்கும். ‘மதிப்பிலி’ மரியாதைக் குறைவாகக் கேட்கும். சுழி, பூச்சியம் இரண்டும் 0 என்னும் உண்மையான மதிப்புக்கு உரியவை. அவற்றை இங்கே இழுப்பதுதான் மேற்சொன்ன சராசரிப் பிழைக்கு வித்து. குறளில் வறுமையைக் குறித்தாலும், ‘இன்மை’ என்பதே நல்லுக்கு மிகப் பொருந்தும் சொல் என்பது எங்கள் கருத்து. வரிசையே இல்லாத விடைக்குப் பள்ளிக் கணக்கின் வெற்றுக்கணத்தை ஒட்டி ‘வெற்று விடை’ எனலாம்.

பயனர் பார்க்கும் திரையில் இக்கலைச்சொற்கள் வேண்டாம். வெற்று விடைக்கு வெள்ளைத் தாளைக் காட்டாமல், தேடிய தேதிகளோடு ‘இந்த நாள்களில் பதிவு இல்லை’ என்று எழுதுங்கள். மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவியான எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் இதற்கு ‘நோ ரோஸ் மெசேஜ்’ என்னும் பண்பு உண்டு. இன்மைக் கட்டத்தில் சிறுகோடு இட்டு, அதன் பொருளை அட்டவணையின் அடியிலேயே குறித்துவிடுங்கள்.