பாறையில் இறங்கும் முன் கடல் நேரம் பாருங்கள்

மும்பைத் தமிழர்களுக்குக் கடல் புதிதில்லை. ஆனால் நாம் ஊரில் பார்த்துப் பழகிய கடல் வேறு, இங்குள்ள கடல் வேறு. தூத்துக்குடியில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தாண்டும். காலையில் நடந்துபோன பாறைமேல் மதியம் ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீர் நிற்கும். நான் கல்லூரியில் கடல் உயிரியல் நடத்துகிறேன். மாட்டுங்கா, சயான், செம்பூரிலிருந்து கரை பார்க்க வரும் குடும்பங்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

சந்திரனைப் பார்த்த பக்கக் கடல்நீர் பூமியைவிடச் சற்றுக் கூடுதலாக ஈர்க்கப்படுகிறது; எதிர்ப்பக்கத்து நீர் சற்றுக் குறைவாக. அதனால் இரண்டு பக்கமும் நீர் மேடிடும். பூமி சுழலும்போது நம் கரை இரண்டு மேடுகளையும் கடப்பதால் இங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். சந்திரனும் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியில் சூரியனின் இழுப்பும் சேர்ந்துகொள்ள, ஏற்றம் மிக உயரும், வற்றம் மிக இறங்கும். அஷ்டமி வாக்கில் இரண்டும் அடங்கிவிடும். மும்பைக்கு அப்பால் கடலடி வெகுதூரம் ஆழமில்லாமல் பரந்திருப்பதும் நீர்மட்டத்தை உயர்த்துகிறது.

வீட்டில் தினசரி காலண்டர் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மும்பையில் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். வற்றம் காலையிலும் மாலையிலும் ஆறு, ஏழு மணி வாக்கில். துல்லியமான நேரம் செல்போனிலேயே கிடைக்கும்.

வற்றத்தில் ஹாஜி அலியிலும் கார்ட்டர் ரோட்டிலும் வெளியே தெரியும் பாறைகள் வெறும் பாறைகளாகத்தான் தோன்றும். குனிந்து பாருங்கள். கூம்பு ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும் சிறு நத்தை லிம்பெட். தண்ணீர் இருக்கும்போது பாசி மேய்ந்துவிட்டு, வற்றுவதற்குள் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் லிம்பெட்டுகள் உண்டு. அந்த இடத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஓட்டின் விளிம்பு தேய்ந்து பொருந்தியிருக்கும். உள்ளே உள்ள ஈரம் வெளியேறாது. பிள்ளைகள் அதைப் பெயர்த்துப் பக்கத்துக் கல்லில் வைத்தால், விளிம்பு பொருந்தாமல் வெயிலில் காய்ந்துவிடும். கல்லைப் புரட்டுவதும் அப்படித்தான். அடிப்பக்க நிழலிலும் ஈரத்திலும் வாழும் கடற்பஞ்சுகளும் நத்தை முட்டைகளும் ஒரே வெயிலில் போய்விடும். குழந்தை ஆசையாகப் புரட்டிவிட்டால் திட்டாதீர்கள். பார்த்ததும் கல்லை முன்பு இருந்தபடியே மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். பவளத்தைத் தொடவே வேண்டாம். எடுத்துச் செல்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

தாணே கழிமுகச் சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் ஃபிட்லர் நண்டுகளைப் பார்க்கலாம். வற்றத்தில் வளையைவிட்டு வந்து மேயும், நீர் ஏறுமுன் உள்ளே போய்விடும். ஃபிட்லர் நண்டுகளை ஏற்ற வற்றமே இல்லாத ஆய்வகத்தில் வைத்தாலும் சில நாள்களுக்குக் கடலின் கணக்கிலேயே நடமாடும்.

ஃபிளமிங்கோக்களும் (பூநாரைகள்) இதே கணக்கில்தான் வாழ்கின்றன. வற்றத்தில் சிவ்ரி, தாணே சேற்றுப்பரப்பில் இரை தேடும். ஏற்றத்தில் சேறு மூழ்கியதும் பாண்டூப், நெரூல் பக்கத்து நீர்நிலைகளில் போய் நிற்கும். தாணே கழிமுகம் 2015-இல் சரணாலயமானது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தச் சேற்றை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பக்கத்து நீர்நிலைகளில் மண்ணைக் கொட்டினால், ஏற்ற நேரத்தில் அந்தப் பறவைகள் எங்கே போகும்? சதுப்பை 'வீண் நிலம்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது.

பாந்த்ராவில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பாறைமேல் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நீர் ஏறும் வேகம் ஒரே சீராக இருக்காது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் சற்றே நகரும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் பாதி உயரம் ஏறிவிடும். நான்கு மீட்டர் ஏற்றம் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் இரண்டு மீட்டர். அதுவும் முன்னால் அலை வருவது தெரியுமுன்னே, முதுகுப்பக்கத்துப் பள்ளங்கள் நிரம்பி வழி அடைபட்டுவிடும். வற்றம் முழுதாக இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே பாறையில் இறங்குங்கள். வற்றம் முழுதாக இறங்கும் நேரம் வந்ததும் கரைக்குத் திரும்புங்கள். பிள்ளைகள் இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சினாலும் திரும்புங்கள். மழைக்காலத்தில் பாறைப்பக்கமே வேண்டாம், நடைபாதையில் நின்று பார்த்தால் போதும்.