மன்றாடுதல்: இறைவாக்கினரின் மறுபாதி வேலை

‘தீர்க்கதரிசி’ என்றால் நெடுந்தொலைவைக் காண்பவர். வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லைக் கேட்டதும், நாளை நடக்கப்போவதை இன்றே சொல்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘இறைவாக்கினர்’ என்கிறது. இது மேலான சொல். ஆனாலும் கடவுளிடமிருந்து மக்களுக்கு வரும் பேச்சை மட்டுமே இதுவும் காட்டுகிறது. மக்களுக்காகக் கடவுளிடம் போய் வாதாடும் வேலை இரண்டு சொற்களுக்குள்ளும் அடங்கவில்லை. எபிரேய மரபில் அந்த வேலைதான் முதலில் வருகிறது.

எபிரேயச் சொல் ‘நாவி’. அரபியின் ‘நபி’ இதற்கு உடன்பிறந்த சொல். அழைத்தல், பெயரிடுதல் என்னும் பொருளுடைய பழைய மெசொப்பொத்தாமிய மொழியான அக்காதியத்தின் வினையோடு இதை ஒப்பிட்டு, ‘அழைக்கப்பட்டவர்’ என்று பொருள் கொள்வோர் பலர். விவிலியத்தில் ‘நாவி’ முதன்முதலாக வருவது தொடக்கநூல் 20ஆம் அதிகாரத்தில். ஆபிரகாமின் மனைவி சாராவை கெரார் அரசன் அபிமெலக்கு தன் அரண்மனைக்கு வரவழைத்துக்கொள்கிறான். கடவுள் கனவில் தோன்றி, அவளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். அவள் கணவன் ஒரு நாவி, அவன் உனக்காக வேண்டுவான், நீ பிழைப்பாய் என்கிறார். இதில் எதிர்காலக் கணிப்பு எதுவும் இல்லை. பிறருக்காக வேண்டுபவர் என்பதே அந்தச் சொல்லுக்கு அங்கே கிடைக்கும் முதல் அடையாளம்.

‘வேண்டுவான்’ என்ற இடத்தில் நிற்கும் எபிரேய வினை ‘ஹித்பல்லேல்’. இதன் வேரைத் தீர்ப்பு, நடுவர் என்னும் பொருள்களோடு அறிஞர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். சீலோ என்னும் ஊரின் ஆலயக் குரு ஏலி, கெட்டுப்போன தன் மகன்களைக் கண்டிக்கும்போது இந்த வேரை இருமுறை ஆள்கிறார்: மனிதருக்கு எதிராக மனிதர் தவறு செய்தால் கடவுள் நடுவராக இருப்பார், ஆண்டவருக்கு எதிராகவே செய்தால் யார் மன்றாடுவார்? முதல் பாதியில் தீர்ப்பு, அடுத்த பாதியில் வேண்டுதல், இரண்டுக்கும் வேர் ஒன்று.

இங்கேதான் தமிழின் ‘மன்றாடு’ மிகச் சரியாகப் பொருந்துகிறது. மன்று என்பது வழக்குத் தீர்க்கும் ஊர்ப் பொது அவை. அங்கே நின்று வழக்காடுவது மன்றாடுதல். கெஞ்சுதல் என்ற பொருளும் இதற்கு உண்டு. இன்று அதுவே மேலோங்கி நிற்கிறது. கத்தோலிக்கரின் ‘மன்றாட்டு’, ‘மன்றாட்டு மாலை’ ஆகியவற்றிலும் கெஞ்சுதலே நமக்குக் கேட்கிறது, வழக்காடுதல் கேட்பதில்லை. அந்தப் பழைய பொருளை மீட்டால்தான் இறைவாக்கினர்களின் வேண்டுதல் விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

விடுதலைப் பயணம் 32ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மலையடியில் மக்கள் பொற்கன்றை வணங்குகிறார்கள். மலைமேல் ஆண்டவர் மோசேயிடம், நீ எகிப்திலிருந்து கூட்டிவந்த ‘உன் மக்கள்’ கெட்டுப்போனார்கள் என்கிறார். மோசே பதில் சொல்லும்போது, நீர் எகிப்திலிருந்து கூட்டிவந்த ‘உம் மக்கள்’ என்று அப்படியே திருப்பிவைக்கிறார். எகிப்தியர் என்ன பேசுவார்கள் என்று கேட்கிறார். ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் கொடுத்த ஆணையை நினைவூட்டுகிறார். இது முழுக்க முழுக்க வாதம். கடைசியில், இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் உம் நூலிலிருந்து என் பேரையும் அழித்துவிடும் என்று தன்னையே பணயம் வைக்கிறார். கட்சிக்காரனுக்காக இப்படித் தன்னையே வைத்து வாதாடுபவரை எந்த மன்றத்தில் பார்க்க முடியும்?

தெக்கோவா ஊர் ஆட்டிடையரான இறைவாக்கினர் ஆமோசுக்கு அத்தனை வாதங்கள் இல்லை. வெட்டுக்கிளிகளையும் நெருப்பையும் காட்சியில் கண்டதும் அவர் சொல்வது ஒன்றே: யாக்கோபு (அதாவது இஸ்ரயேல் மக்கள்) எப்படித் தாங்குவான், அவன் சிறியவன் ஆயிற்றே. இருமுறையும் தண்டனை நின்றுபோகிறது. கடுஞ்சொல்லுக்குப் பேர்போன ஆமோசின் நூலில் இந்த ஆறு வசனங்கள் கிடைப்பது பெரிய செல்வம்.

திருப்பாடல் 106, மோசேயின் இந்த வேலையை உடைப்பில் நின்றதாகச் சொல்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது ‘திறப்பின் வாயில்’. ‘திறப்பிலே நிற்பது’ என்று சபைகளில் வழங்குவது இதிலிருந்து வந்ததே. எபிரேயத்தில் அது இடிந்த மதில். ஏரிக்கரை உடைப்பெடுத்தால் ஊரே ஓடிப்போய் அடைக்கும் தமிழ் நிலத்தில் ‘உடைப்பு’ என்றே சொல்லலாம். எசேக்கியேல் நூலின் 22ஆம் அதிகாரத்தில் அந்த உடைப்பில் நிற்க ஒருவரைத் தேடி, யாரும் கிடைக்கவில்லை என்கிறார் ஆண்டவர்.

இறைவாக்கினர் எரேமியாவின் நிலை வேறு. இந்த மக்களுக்காக மன்றாடாதே என்று அவருக்கு மூன்று இடங்களில் தடை வருகிறது (7:16, 11:14, 14:11). மோசேயும் சாமுவேலும் முன்னே வந்து நின்றாலும் என் மனம் இரங்காது என்ற ஆண்டவரின் சொல்லும் அவருக்கே வருகிறது. அப்படியும் எருசலேம் வீழ்ந்தபின், எஞ்சிய மக்கள் ‘எங்களுக்காக மன்றாடும்’ என்று அவரிடம்தான் வந்தார்கள். அவர் மறுக்கவில்லை. மறுமொழி வரப் பத்து நாள் ஆயிற்று. வந்த மறுமொழியை அவர்கள் கேட்கவும் இல்லை.

‘பரிந்து பேசுதல்’ என்பதும் நல்ல வழக்கே. பரிவு அதில் இருக்கிறது, வழக்கு இல்லை. ‘பரிந்துரை’ இன்று வேலைக்கும் விருதுக்கும் போய்விட்டது. ‘மத்தியஸ்தர்’ இரு தரப்புக்கும் பொது. இறைவாக்கினரோ, கடவுளின் தீர்ப்பை மக்களிடம் சொல்லிவிட்டு, அதே தீர்ப்பை எதிர்த்து மக்கள் பக்கம் நின்று வாதிடுகிறார். எனவே எழுதும்போது ‘மக்களுக்காக மன்றாடினார்’ என்றே எழுதுங்கள்.