வெண்ணெய் ஏன் குளிர்ந்திருக்க வேண்டும்? இலையுதிர்கால பேக்கிங்கின் அறிவியல்

இங்கிலாந்திலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் செப்டம்பர் பிறந்தால் போதும், சமையல் புத்தகங்கள் அலமாரியை விட்டு அடுப்படிக்கு வந்துவிடும். ஆப்பிள் பறிக்கும் காலம், மஞ்சள் பூசணி விளைந்து குவியும் காலம். வெளியே குளிர ஆரம்பித்திருப்பதால் ஓவனை ஏற்றினால் வீடே கதகதப்பாகும். அந்தப் பருவத்துக்கென்று வரும் புத்தகங்களில் படங்கள் கண்ணைப் பறிக்கும். எனக்கு அவற்றைவிடப் பிடித்தவை செய்முறைக்குள் வரும் சின்னச் சின்னக் கட்டளைகள். வெண்ணெய் சில்லென்று இருக்கட்டும், மாவை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், நடுப்பகுதி லேசாக ஆடும்போதே வெளியே எடுங்கள் என்று போகும். ஏன் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அந்த ஏன் தெரிந்துவிட்டால் எதை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பது பிடிபட்டுவிடும்.

ஆப்பிள் பையையே (apple pie) எடுத்துக்கொள்வோம். மைதாவும் வெண்ணெயும் சேர்ந்த மொறுமொறு ஓடு, உள்ளே ஆப்பிள். பழைய பண்டம்தான். 1390 வாக்கில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த சுவடியிலேயே ஆப்பிள், அத்தி, உலர்திராட்சை, பேரிக்காய் எல்லாம் சேர்த்து மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுடும் குறிப்பு இருக்கிறது.

முதலில் ஓடு. வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் நீர். குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு போட்டு மாவில் உதிர்க்கும்போது அது மாவோடு கரைந்து கலக்காமல் பட்டாணி அளவு கட்டிகளாக நிற்கும். கொஞ்சம் குளிர்ந்த நீர் தெளித்துத் திரட்டித் தேய்த்தால் அந்தக் கட்டிகள் நசுங்கி, மாவு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய தகடுகளாகப் பரவும். தேய்த்த மாவை வெளிச்சத்தில் பார்த்தால் வெளிர் மஞ்சள் திட்டுகள் தெரியும். அவை தெரிந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

ஓவனுக்குள் போனதும் தகடுகள் உருகும், அவற்றிலிருக்கும் நீர் கொதித்து ஆவியாகும். ஒரு மில்லி நீர் ஆவியானால் ஏறத்தாழ 1.6 லிட்டர் இடம் கேட்கும். அந்த அழுத்தம் மேலடுக்கைத் தூக்குகிறது. அதே நேரத்தில் சுற்றியுள்ள மாவு வெந்து இறுகிவிடுவதால், வெண்ணெய் இருந்த இடம் இடைவெளியாகவே நின்றுவிடுகிறது. கடித்தால் ஏடு ஏடாக உதிர்வது இதனால்தான். வெண்ணெய் முன்கூட்டியே இளகிவிட்டால் மாவுத் துகள்களை எல்லாம் பூசிவிடும், தகடும் இல்லை, இடைவெளியும் இல்லை. நெய் பிஸ்கட்டுக்கு அந்தப் பதம் அருமை. பைக்கு உதவாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் 18 டிகிரி குளிரில் இருக்கும் சமையலறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், 32 முதல் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். சென்னை அடுப்படியில் அந்தச் சூடு சாதாரணம். எனவே நம் ஊரில் செய்பவர்கள் வெண்ணெயை மட்டும் குளிர வைத்தால் போதாது. மைதா, பாத்திரம், பூரிக்கட்டை வரை ஃப்ரீசரில் வைத்து எடுப்பதும், மாவு தளர்ந்தால் வேலையை நிறுத்தி மறுபடி குளிர வைப்பதும் நல்லது. இலையுதிர்காலத்துச் சில்லிப்பு அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவி, நாம் அதை ஃபிரிட்ஜிடம் கடன் வாங்கிக்கொள்கிறோம்.

மாவை ஓய்வெடுக்க விடுவதற்குக் காரணம் குளூட்டன். கோதுமையிலுள்ள இரண்டு வகைப் புரதங்கள் நீர் பட்டதும் பின்னிக்கொண்டு இழுபடும் வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துப் பிசைவது அந்த வலையை வலுவாக்கத்தான். பை மாவில் நேர் எதிர் நோக்கம்: கை எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் ஊறவிடுவது இரண்டுக்கும் பொது. அந்த நேரத்தில் வலை தளர்கிறது. தளராவிட்டால் தட்டில் விரித்த மாவு ஓவனில் சுருங்கிக் கீழே இறங்கிவிடும்.

அப்புறம் ஆப்பிள். பிரிட்டன் புத்தகங்கள் பெரும்பாலும் பிராம்லி வகையைக் கேட்கும், அமெரிக்கப் புத்தகங்கள் கிரானி ஸ்மித் வகையைக் கேட்கும். இரண்டும் புளிப்பு, ஆனால் வெந்தால் இரண்டும் வேறு. பிராம்லி குழைந்து பஞ்சு போன்ற கூழாகும். கிரானி ஸ்மித் துண்டு துண்டாக நிற்கும். பிராம்லியின் முதல் மரம் 1809இல் நாட்டிங்காம்ஷைரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி விதைத்த விதையிலிருந்து வந்தது. பெயர் மட்டும் பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய இறைச்சிக்கடைக்காரருடையது. அந்தச் சிறுமியின் பெயரே பழத்துக்கு வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

குழைவதையும் நிற்பதையும் தீர்மானிப்பது பெக்டின், செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசை. கொதிநிலையை நெருங்கும் சூட்டில் பெக்டின் கரைந்து செல்கள் பிரிகின்றன. ஆனால் ஆப்பிளிலேயே இருக்கும் ஒரு நொதி 50 முதல் 70 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாகி, பெக்டினைக் கால்சியத்தோடு பிணைய வைக்கிறது. அப்படிப் பிணைந்த பெக்டின் பிறகு எவ்வளவு சூடு பட்டாலும் லேசில் கரையாது. சில செய்முறைகள் ஆப்பிள் துண்டுகளை முதலில் மிதமான தீயில் சிறிது நேரம் வைக்கச் சொல்வதன் சூட்சுமம் இது. முதலில் லேசாகச் சூடாக்கியது பின்னால் அதிகம் குழையாது என்பதை முதன்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். செய்து பார்த்தால் தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஆப்பிளின் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு காற்று, நீரில் மிதப்பது அதனால்தான். பச்சையாக அடுக்கினால் வேகும்போது காற்று வெளியேறித் துண்டுகள் அமுங்கும். மேலோடு முன்பே இறுகியிருக்கும், நடுவில் பொந்து விழும். முன்கூட்டியே வதக்கினால் அந்தச் சுருக்கம் வாணலியிலேயே முடிந்துவிடும்.

பூசணிப் பைக்கு விதி வேறு, ஏனென்றால் அது உண்மையில் முட்டைக் கஸ்டர்ட். 1796இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் ‘அமெரிக்கன் குக்கரி’யில் முட்டையும் பாலும் சேர்த்து ஓட்டில் சுடும் பூசணிப் புட்டிங் வருகிறது. கஸ்டர்டில் முட்டைப் புரதம் 75 முதல் 80 டிகிரியில் இறுகும். அதற்கு மேலே போனால் புரதம் நெருங்கி நீரைப் பிழிந்து தள்ளும், மேற்பரப்பு வெடிக்கும். வெளியே எடுத்த பிறகும் உள்ளிருக்கும் சூடு சில நிமிடங்கள் வேலை செய்யும். அதனால்தான் நடு ஆடும்போதே எடுக்கச் சொல்கிறார்கள்.

அதே புத்தகத்தில் மர சாம்பலிலிருந்து எடுத்த காரத்தை (அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட பொருள்) போட்டு மாவை உப்ப வைக்கிறார்கள். அமிலத்தோடு சேர்ந்தால் அது கார்பன் டை ஆக்சைடை விடும். இன்று அந்த வேலையைச் செய்வது ஆப்பசோடா. மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருநிறப் பாகு) சேர்த்த ஜிஞ்சர்பிரெட் என்ற இஞ்சி கேக்கில் மொலாசஸே லேசான அமிலம் என்பதால் தனியாகப் புளிப்பு தேவையில்லை. மிஞ்சும் காரம் மெயிலார்டு வினையையும் வேகப்படுத்தும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி மணக்கும் வினை அது. ஜிஞ்சர்பிரெட் கருப்பதில் இதற்கும் பங்குண்டு.

மணத்தைப் பொறுத்தவரை பட்டையின் உயிர் சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள். அது நீரில் அதிகம் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். பட்டைத் தூளை ஆப்பிளில் தூவுவதைவிட, வதக்கும் வெண்ணெயில் போட்டால் மணம் பை முழுக்கப் பரவும். அமெரிக்காவில் பொதுவாக விற்பது காசியா என்ற காரமான பட்டை. இலங்கைப் பட்டை மென்மையானது, இனிப்பான மணம், எனக்கு ஆப்பிளுக்கு அதுதான் பிடிக்கும்.

கடைசிக் கட்டளையை மீறத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்: வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். ஆப்பிளிலிருந்து கரைந்து வந்த பெக்டினும், சேர்த்திருக்கும் சோளமாவின் ஸ்டார்ச்சும் சூட்டில் தளதளவென்றுதான் இருக்கும், ஆறும்போதுதான் சாற்றைக் கட்டிப் பிடிக்கும். சுடச்சுட வெட்டினால் சாறு தட்டில் ஓடும், ஆறினால் துண்டோடு நிற்கும். அதற்காக மறுநாள் வரை மூடி வைக்கவும் வேண்டாம். அதற்குள் ஓடு உள்ளிருந்து ஈரத்தை இழுத்து நமத்துப் போகும். மதியம் சுட்டால் அன்று மாலையே சாப்பிடுங்கள்.