றிமோட்டால் நிப்பாட்டினால் ரீவி நிக்காது

வயரிங் வேலைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும். "தம்பி, நாங்கள் ஒண்டும் பெரிசாப் பாவிக்கிறேல்லை. பிறகேன் பில் இப்பிடி வருது?" 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியதில் இருந்து கிளிநொச்சியிலும் சரி, புதுக்குடியிருப்பிலும் சரி, இதே பேச்சுத்தான். மீற்றரில் பிழை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வீடுகளில் மீற்றர் பெரும்பாலும் சரியாகத்தான் ஓடுகிறது. யாரும் பாவிக்காத நேரத்திலும் ஓடுகிறது என்பதுதான் விசயம்.

பரந்தன் பக்கம் ஒரு வீட்டில் லைட், ஃபேன் எல்லாவற்றையும் நிப்பாட்டி, பிரிட்ஜின் பிளக்கையும் கொஞ்ச நேரம் கழற்றிவிட்டு மீற்றரைப் பார்த்தோம். கரண்ட் ஓடினால் மின்னும் அதன் சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது.

"ரீவி நிப்பாட்டித்தானே தம்பி கிடக்கு?"

"றிமோட்டாலயோ அக்கா, சுவிட்சாலயோ?"

"றிமோட்டாலதான்."

அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு டிஷ் டிகோடரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இளஞ்சூடாக இருந்தது. இரவு முழுக்க ஒருவரும் பார்க்காத பெட்டி ஏன் சுட வேண்டும்? றிமோட்டை அமத்தினால் படம்தான் மறைகிறது. திரும்ப அமத்தும்போது உடனே எழும்புவதற்காக உள்ளே சேர்க்கிற் வேலை செய்துகொண்டே இருக்கும். புதிய ரீவிகள் அந்த நிலையில் அரை வாட் அளவுதான் எடுக்கும், அது பரவாயில்லை. பழைய டிகோடர்கள் அப்படியல்ல, 10 வாட் அளவில் இழுத்துக்கொண்டே கிடக்கும். உள்ளே ட்ரான்ஸ்போமர் வைத்த பழைய பாட்டுச் செட்டும் சும்மா இருக்கும்போது பல வாட் தின்னும். வைஃபை ரௌட்டர் இரவு பகல் ஓடும்.

10 வாட் என்ன பெரிய கணக்கா என்று கேட்பார்கள். கரண்ட் இல்லாத 1990களில் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்டவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அந்த டைனமோ தருவது 3 வாட்தான். மூன்று பேர் ராப்பகலாக மிதித்தாலும் ஒரு பழைய டிகோடரின் சும்மாச் செலவுக்குக் காணாது. 1000 வாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யுனிற். 10 வாட் 30 நாள் விடாமல் ஓடினால் 7.2 யுனிற்.

இந்த யுனிற்றுகள் பில்லில் எங்கே போய் விழுகின்றன என்பதைத்தான் நான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மாதம் 60 யுனிற்றுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை. 60ஐத் தாண்டினால் கூடுதலாக எரித்த யுனிற்றுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதலாவது யுனிற்றில் இருந்தே வேறு விலைப் பட்டியலுக்குப் போய்விடுவீர்கள், நிலையான கட்டணமும் கூடும். 66 யுனிற் எரிக்கும் வீட்டில் டிகோடரின் அந்த 7 யுனிற்றை நிப்பாட்டினால் 59. கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அது நல்ல வித்தியாசம். பில்லை எடுத்து யுனிற் எண்ணிக்கையை ஒருக்காப் பாருங்கள். 60க்கோ 90க்கோ 120க்கோ கொஞ்சம் மேலே நிற்கும் வீடுகளுக்குத்தான் இதில் கூட லாபம்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே பிடிக்கலாம். டிஜிட்டல் மீற்றரின் முகப்பில் ஒரு யுனிற்றுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும். 1600 என்று இருந்தால், 2250ஐ இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட செக்கனால் பிரியுங்கள். வருவது வாட். 90 செக்கனுக்கு ஒருதரம் மின்னினால் 25 வாட், அதாவது மாதம் 18 யுனிற். 1600க்குப் பதிலாக 3200 என்று இருந்தால் 1125ஐப் பிரிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தால் எது குடிக்கிறது என்று தெரிந்துவிடும். பிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

போன் சார்ஜரைப் பற்றித்தான் நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். போன் இல்லாமல் சும்மா தொங்கும் நல்ல சார்ஜர் எடுப்பது மிகச் சொற்பம். இரவில் பிரிட்ஜை நிப்பாட்டுவதும் வேண்டாத வேலை, சாப்பாடுதான் பழுதாகும். ரைஸ் குக்கரைச் சோறு வெந்த பிறகும் சூடு காக்கும் நிலையில் மத்தியானம் வரை விடுவது மட்டும் உண்மையான செலவு.

இடி முழங்கினால் ஓடிப்போய் ரீவிப் பிளக்கைக் கழற்றும் பழக்கம் எங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஐப்பசி மழைக்குச் செய்வதை ஒவ்வொரு இரவும் செய்தால் போதும். ஆனால் சுவிட்ச் கைக்கு எட்ட வேண்டும். வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் விறாந்தையில் ஒரேயொரு பிளக் பொயின்ட், அதுவும் அலுமாரிக்குப் பின்னால். அங்கே சுவிட்ச் வைத்த நல்ல எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்றில் ரீவி, டிகோடர், செட் மூன்றையும் கொழுவி, சுவிட்சைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். அயன் பொக்ஸையும் கேத்தலையும் அதில் போட வேண்டாம், வயர் சுட்டு உருகும். புதிதாக வயரிங் செய்பவர்கள் ரீவிப் பொயின்டின் சுவிட்சைக் கதவடி லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்துத் தரச் சொல்லி வேலை தொடங்கமுதலே கேளுங்கள். சுவர் பூசின பிறகு கேட்டால் திரும்பக் கொத்த வேண்டி வரும்.