ஒரே ஒரு தோட்டா போட்டுக் கொடுங்கள்

போன வாரம் மறுபடியும் நடந்தது. இந்த வருடத்தில் மூன்றாவது முறை. இனியும் எழுதாமல் இருந்தால் அது என் தப்பு.

நான் பயிற்சி கொடுக்கிற சுடுதளத்தின் கடைசி வரிசையில் ஒருவர் புதிதாக வாங்கிய .500 மேக்னம் ரிவால்வரோடு நின்றிருந்தார். (.500, .44 என்கிற எண்கள் குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை, மேக்னம் என்றால் கூடுதல் வலுவுள்ள ரகம்.) கூட அவருடைய மச்சினன். அந்தப் பையன் அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது: முழங்கை தளர்ந்திருந்தது, உடம்பு பின்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் சிலிண்டரின் ஐந்து அறைகளிலும் தோட்டா நிரப்பி, "பிடி மாப்ளே, ஒண்ணும் ஆகாது" என்று கையில் கொடுத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தார். நான் மறுகோடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வருவதற்குள் முதல் குண்டு இலக்குக்கு முன்னால் மண்ணில் இறங்கியிருந்தது. துப்பாக்கி எகிறிப் பின்னால் வந்து அவன் நெற்றியில் மோதியது. மோதிய அதே நொடியில் இரண்டாவது குண்டும் வெடித்து மேலே கூரைத் தகட்டைத் துளைத்தது.

நெற்றியில் மூன்று தையல், அவ்வளவுதான். எல்லோரும் போன பிறகு நான் ஏணி வைத்து ஏறி, தகட்டில் இருந்த ஓட்டையிலிருந்து ஒரு நூலைக் கட்டி, அவன் கை இருந்திருக்கக்கூடிய உயரம் வரை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். அந்த நூலுக்கும் அவன் நெற்றி இருந்த இடத்துக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை.

மறுநாள் அவர் போன் செய்து, "சார், துப்பாக்கி தானாவே ரெண்டாவது தடவை சுட்டிருச்சு, கம்பெனிக்கு எழுதப் போறேன்" என்றார். துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லை. நானே கழற்றிப் பார்த்துவிட்டேன். பிடி தளர்ந்த கையில் ஒரு கனமான பொருள் திடீரென்று எகிறினால், கீழே விழாமல் இருக்கக் கை தன்னிச்சையாக இறுகும். ஐந்து விரல்களும் சேர்ந்து இறுகும், அதில் விசைமேல் இருக்கிற விரலும் அடக்கம். இந்த வகை ரிவால்வரில் விசையை முழுக்க இழுத்தாலே சிலிண்டர் சுழன்று அடுத்த அறை வந்து நின்று வெடிக்கும். அப்படித்தான் இரண்டாவது குண்டு போனது, அதுவும் குழல் வானத்தைப் பார்த்தோ சுட்டவரின் தலையைப் பார்த்தோ திரும்பியிருக்கும் நேரத்தில். என் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வாங்குகிற இடத்தில் மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை.

பெரிய ரிவால்வர்களை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடமே ஒரு .44 இருக்கிறது, பதினைந்து வருடமாக இருக்கிறது. நல்ல ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து மூடும்போது கேட்கிற அந்தக் 'க்ளிக்', தோட்டாவின் பின்புறத்தை அடிக்கிற சுத்தியைப் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுடும்போது கண்ணாடிக் குச்சி முறிவது போலச் சுத்தமாக விடுபடுகிற விசை, நூறு மீட்டருக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகட்டில் குண்டு பட்டு, ஒரு கணம் கழித்து 'டங்' என்று சத்தம் வந்து சேர்வது, இதெல்லாம் உண்மையான சந்தோஷம்தான். மென்மையான தோட்டா, கடுமையான தோட்டா, எதைப் போட்டாலும் ரிவால்வருக்கு ஒன்றுதான். பிஸ்டலைப் போல, அடுத்த தோட்டாவை ஏற்ற வெடிப்பின் உதையை நம்பி அது இயங்குவதில்லை. விலங்கின் உடம்போடு ஒட்டி வைத்துச் சுட நேர்ந்தால் பிஸ்டலின் மேற்பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டு வெடிக்காமல் போகலாம், ரிவால்வரில் அந்தச் சிக்கல் கிடையாது.

இவை பிறந்த காரணமும் நியாயமானதுதான். 1955-ல் .44 மேக்னம் வந்தபோது அதன் பின்னால் இருந்தவர் எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர். பழைய .44 ஸ்பெஷல் என்ற மென்மையான தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பல வருடம் சுட்டுப் பார்த்து, இப்படி ஒரு தோட்டா வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். அப்புறம் டிக் கசூல் என்பவர் உருவாக்கிய .454, 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸன் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் .500, 2005-ல் அதே நிறுவனத்தின் .460. கையில் துப்பாக்கியோடு பெரிய விலங்கை வேட்டையாடுகிறவர்களுக்காகவும், கரடி நடமாடும் காட்டில் வேலை செய்கிறவர்களுக்காகவும் செய்தவை இவை. பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கவோ, மச்சினனைப் பயமுறுத்திப் படம் எடுக்கவோ செய்தவை அல்ல.

சரி, எனக்கு எரிச்சல் வருகிற இடத்துக்கு வருகிறேன். இதை வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் சொல்வது இதுதான்: "இவ்ளோ பெரிய குண்டு சார், எங்க பட்டாலும் ஆள் பறந்து போய் விழுவான், குறி பாக்கவே வேண்டாம்." திரையில் பார்த்தது. அங்கே கம்பி கட்டி இழுப்பார்கள்.

கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடுவோம். .500 மேக்னத்தின் ஒரு குண்டு சுமார் 26 கிராம், நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகம். எடையைக் கிலோவில் வைத்து வேகத்தால் பெருக்கினால் 13 வரும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் அது முழுவதும் தங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 13-ஐ 70-ஆல் வகுத்தால், அவர் பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 19 சென்டிமீட்டர். கூட்டமான பேருந்தில் யாரோ தோளில் இடித்தால் அதைவிட அதிகமாகத் தள்ளாடுவோம். இதே 13 எதிர்ப்பக்கமும் வர வேண்டும் இல்லையா, அது எங்கே வருகிறது? உங்கள் கையில். துப்பாக்கி இரண்டு கிலோ. குண்டின் கணக்கு மட்டுமே அதை நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளும், குழல் வாயிலிருந்து பீய்ச்சியடிக்கும் வாயுவையும் சேர்த்தால் இன்னும் கூடும். பறந்து போய் விழுகிற அளவுக்கு அடி வாங்குகிற ஆள் யாராவது இருந்தால், அது பிடித்துக்கொண்டு நிற்கிற நீங்கள்தான். குண்டு உயிரைப் பறிப்பது தள்ளி அல்ல, துளைத்து. எந்த இடத்தைத் துளைக்கிறது என்பதுதான் எல்லாமே. அந்த இடத்தில் பட வேண்டுமென்றால் குறி பார்க்க வேண்டும். குறி பார்த்துச் சுட, கை கூசாமல் இருக்க வேண்டும். கை கூசாமல் இருக்க, உங்களால் தாங்க முடிகிற துப்பாக்கியாக இருக்க வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டுப் போய் .500-ஐத்தான் வாங்குகிறார்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அமெரிக்காவின் எஃப்பிஐ பட்ட பாட்டைப் பாருங்கள். 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளைப் பறிகொடுத்த பிறகு, இன்னும் பெரிய தோட்டா வேண்டும் என்று 10 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டாவுக்குப் போனார்கள். முழு வேகத்தில் அது கையில் அடங்காததால் வெடிமருந்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைத்த வேகத்தையே சின்ன உறையில் (தோட்டாவின் பித்தளைக் குப்பியில்) அடைத்து 1990-ல் .40 தோட்டா வந்தது. கடைசியில் கால் நூற்றாண்டு கழித்துப் பழைய 9 மில்லிமீட்டருக்கே திரும்பி வந்துவிட்டார்கள். தொழில்முறையாகப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கே இந்தக் கதி. அதற்கும், 9 மில்லிமீட்டரைப் போல ஆறு ஏழு மடங்கு ஆற்றலோடு சுடுகிற துப்பாக்கியை வருடத்துக்கு இரண்டு முறை வெளியே எடுக்கிற ஒருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள்.

கை கூசுவது என்றேனே, அதை நேரில் காட்ட எனக்கு ஒரு வழி இருக்கிறது. மாணவருக்குத் தெரியாமல் சில அறைகளில் தோட்டாவும் சில அறைகளில் வெற்று உறையும் போட்டு சிலிண்டரை மூடிக் கொடுப்பேன். வெற்று அறை வரும்போது 'டக்' என்று சுத்தி மட்டும் விழும். வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை, விசை விடுபடும் கணத்தில் நான்கு விரல் கீழே குத்தும், கண் இறுக மூடும். அந்த முகத்தைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் ஒழுங்காகச் சுட்டவர், ஒரே மாதம் .460 வைத்துக்கொண்டு பழகியதில் .22-ஐக்கூட அப்படிக் குத்திச் சுட ஆரம்பித்தார். அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆயிற்று.

கட்டைவிரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான இடைவெளி கிட்டத்தட்ட எல்லா ரிவால்வரிலும் உண்டு. .460 மேக்னத்தின் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு வரை போகலாம். அந்த அழுத்தத்தில் இருக்கிற நெருப்பு வாயு அந்தக் கீற்று வழியாகக் கத்தி மாதிரி பக்கவாட்டில் வெளியே வரும். பிஸ்டலில் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிக்கும் பழக்கத்தில் இருப்பார்கள், அதே பிடியை இதில் பிடித்தால் விரல்நுனி சரியாக அந்தக் கீற்றின் பக்கத்தில் போய் நிற்கும். சதை கிழிவது மட்டுமல்ல, விரல் நுனியே போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டு கட்டைவிரல்களும் சிலிண்டருக்குப் பின்னால், ஒன்றின்மேல் ஒன்றாக மடங்கி இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், என் மாணவராக இருந்தால் கையைத் தட்டிவிடுவேன்.

காது. 140 டெசிபெல் உச்சத்துக்கு மேல் ஒரே ஒரு வெடிச் சத்தம் போதும், உள்காதின் நுண்மயிர் செல்கள் சாக. செத்தவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பெரிய ரிவால்வர்கள் 160-ஐத் தாண்டும். 20 டெசிபெல் கூடினால் அழுத்தம் பத்து மடங்கு, இதைக் கொஞ்சம் கூடுதல் சத்தம் என்று எண்ணாதீர்கள். உதையைக் குறைக்கக் குழல் முனையில் வெட்டிவிட்ட துளைகள் அந்தச் சத்தத்தைப் பக்கத்திலும் பின்னாலும் திருப்பிவிடுகின்றன, பக்கத்தில் நிற்பவர் பாடு இன்னும் மோசம். காதுக்குள் அடைப்பானும் வேண்டும், அதன்மேல் காதுமூடியும் வேண்டும். இரண்டையும் போட்டால் தடுப்பு இரட்டிப்பாகும் என்று கணக்குப் போடாதீர்கள், இருப்பதில் நல்லதற்கு மேல் ஐந்து டெசிபெல் அளவு சேரும், ஆனால் அந்த ஐந்தும் தேவை. வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் இதே விதிதான், கண்ணாடியும் சேர்த்து. அந்தக் கீற்றிலிருந்து ஈயத் துணுக்கும் தெறிக்கும்.

வீட்டுக் காவலுக்கு வைத்திருக்கிறேன் என்பவர்களிடம் ஒரே கேள்வி. நடு ராத்திரி, காதில் எதுவும் இல்லாமல், மூடிய அறைக்குள் இதைச் சுட்டால் அடுத்த சில நிமிடங்களுக்கு உங்களுக்குக் காது கேட்காது, வெடிப்பின் வெளிச்சத்தில் கண்ணும் கூசிப்போயிருக்கும். எலும்பைத் துளைக்கவென்று செய்த குண்டு சுவரைத் துளைத்துப் போய்க்கொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குவது யார்?

எடை குறைவானதாக வாங்கிக்கொள்கிறேன் என்று சிலர் போவார்கள். 700 கிராமில் .44 மேக்னம் கிடைக்கிறது, உண்மைதான். எடை பாதியானால் உதை எங்கே போகும் என்று மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. இன்னொன்று, அந்த உதையில் சிலிண்டரில் காத்திருக்கிற மற்ற தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து மெல்ல மெல்ல முன்னால் நழுவும். நழுவி சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டினால் சிலிண்டர் சுழலாது, ஆபத்தில் கையில் இருப்பது வெறும் இரும்புக்கட்டி. வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் உறை வாயை நன்றாக மடித்து இறுக்குங்கள். ஐந்தாவது தோட்டாவைச் சுடாமல் எடுத்து, அதன் நீளத்தைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். .454 ரிவால்வரில் செலவைக் குறைக்க .45 கோல்ட் என்ற குட்டையான தோட்டாவைச் சுடுவதில் தப்பில்லை, ஆனால் அந்தக் குட்டையான உறை விட்டுப்போகும் கரி வளையத்தைத் தேய்த்து எடுக்காமல் நீளமானதைத் திணிக்காதீர்கள்.

கரடிக் காட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பானை வாங்குங்கள், அதை எடுத்து அடித்துப் பழகுங்கள். பாய்ந்து வருகிற விலங்குக்கு முன் முதல் குண்டே படுகிற கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா, குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், உடனே சிலிண்டரைத் திறக்க வேண்டாம். சத்தம் சப்பென்று இருந்ததா, நிறுத்துங்கள், குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கலாம். மணிக்கட்டில் வலி, விரல் மரத்துப்போவது, இரண்டில் எது வந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஐம்பது சுட்டேன் என்று பெருமை பேசாதீர்கள், நரம்பு அதை மறக்காது.

புதியவர் கையில் கொடுக்கிறீர்களா? தயவுசெய்து, ஒரே ஒரு தோட்டா. மற்ற அறைகள் காலி. கெஞ்சித்தான் கேட்கிறேன். ஒன்று போட்டால் எகிறினாலும் இரண்டாவது குண்டு கிடையாது. முதலில் .22, பிறகு .38, அப்புறம் .44 துப்பாக்கியிலேயே மென்மையான .44 ஸ்பெஷல், அதற்கும் பிறகுதான் மற்றது. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், செல்போன் பைக்குள் இருக்கட்டும். பயந்தால் சிரிக்காதீர்கள்.

தையல் பிரித்ததும் அந்தப் பையன் தனியாக வந்தான். இனி துப்பாக்கிப் பக்கமே வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். "சார், நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டான். நீ ஒரு தப்பும் பண்ணவில்லை என்று சொல்லி .22-ஐ எடுத்து வைத்தேன். முதல் பத்துக் குண்டுக்கும் சுடும் முன்பே தோள் தூக்கிக்கொண்டது. பதினோராவதில் தூக்கவில்லை.

மாமாவும் காரில்தான் இருக்கிறார் என்றான். உள்ளே கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.