வீட்டிலிருந்தே கல்லூரிக்கு: ரயில் சீசன், பஸ் பாஸ் சலுகைகள் யாருக்கு எவ்வளவு?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கும், தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கும், அரக்கோணத்திலிருந்து சென்னைக்கும் தினமும் போய்வந்து படிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு வழிக்கே 35 கிலோமீட்டரிலிருந்து 70 கிலோமீட்டர் வரை ஆகும். இவர்களுக்கான பயணச் சலுகைகள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ரயிலுக்கு ரயில்வே விதி, பஸ்ஸுக்கு மாநில அரசின் விதி. இரண்டுக்கும் கல்லூரி அலுவலகத்தில்தான் முதல் கையெழுத்து வாங்க வேண்டும். அங்கே யாரும் தானாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. அதனால் பஸ் பாஸை மட்டும் வாங்கிக்கொண்டு, ரயில்வே தருவதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பணம் அதிகம் மிச்சமாவது அங்கேதான் என்பதால் ரயிலிலிருந்தே தொடங்குவோம்.

ரயில் சீசன் டிக்கெட்

சீசன் டிக்கெட் எடுக்கும் மாணவர்களுக்கு ரயில்வே மூன்று வகைச் சலுகை தருகிறது.

பொதுப் பிரிவு மாணவர்களுக்கு மாத சீசன், மூன்று மாத சீசன் இரண்டிலும் பாதிக் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் கால் பங்கு மட்டும் கட்டினால் போதும், 75 சதவீதம் தள்ளுபடி. மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது: பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு, வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் முழுக்க இலவசம். ஆண்களுக்கு இந்த இலவசம் பிளஸ் டூ வரை மட்டுமே. வருமான வரம்போ சாதி வரம்போ இதற்குக் கிடையாது.

ஒரு தடத்தில் சாதாரண மாத சீசன் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பிரிவு மாணவர் 200 ரூபாய் கட்டுவார், எஸ்.சி. மாணவர் 100 ரூபாய் கட்டுவார், பி.ஏ. படிக்கும் மாணவி எதுவும் கட்ட வேண்டியதில்லை. அதே மாணவி எம்.ஏ. சேர்ந்த பிறகு பட்டப்படிப்பு என்ற வரம்பைத் தாண்டிவிடுவதால் அவரவர் பிரிவுக்குரிய பாதி அல்லது கால் பங்கு கட்டணத்துக்கு மாற வேண்டும். இலவசம் மாத சீசனுக்கு மட்டும்தான். மூன்று மாதத்துக்குச் சேர்த்து இலவசமாகக் கேட்டால் கவுன்ட்டரில் தரமாட்டார்கள், அது அவர்கள் தவறும் அல்ல.

'ரயில்வேயில் சலுகையெல்லாம் கொரோனாவோடு நிறுத்திவிட்டார்களே' என்று இன்னமும் சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவும் நிறுத்தப்பட்டது உண்மை. ஆனால் மாணவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகளில் சில பிரிவினர் ஆகியோருக்கான சலுகைகள் அப்போதே விலக்களிக்கப்பட்டுத் தொடர்ந்தன. யாராவது இல்லை என்று சொன்னால், எந்தச் சலுகையைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

எப்படி வாங்குவது

கல்லூரி அலுவலகத்தில் 'ரயில்வே சீசன் கன்செஷன் படிவம்' என்று கேட்க வேண்டும். வெறும் போனஃபைடு சர்டிபிகேட் இதற்கு ஈடாகாது. அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு ரயில்வேயே இந்தப் படிவங்களைப் புத்தகமாகக் கொடுக்கிறது. உங்கள் கல்லூரியில் புத்தகம் இல்லையென்றால், கல்லூரி முதல்வர் அந்த ரயில்வே கோட்டத்தின் வணிகப் பிரிவுக்குக் கடிதம் எழுதி வாங்க முடியும். மாணவர் தனியாகப் போய் வாங்க முடியாது. புதிய கல்லூரிகளிலும், ரயிலில் வருகிறவர்கள் குறைவாக உள்ள கல்லூரிகளிலும் இங்கேதான் தடை. நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் அலுவலகம் அசையும்.

படிவத்தோடு கல்லூரி அடையாள அட்டை, முகவரிச் சான்றாக ஆதார், வயதுக்கான சான்று, எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்றின் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். கல்லூரி தேதி போட்டுக் கொடுத்த படிவத்தை நாள்கணக்கில் பையில் வைத்திருக்காதீர்கள். அதற்குக் கெடு உண்டு, தாண்டினால் புதிதாக எழுதி வாங்க வேண்டும். வயதுக்கும் வரம்பு இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு 25, ஆராய்ச்சி மாணவர்களுக்கு 35.

படிவம் திரும்பி வருவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களால்தான். முதல்வர் கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்காது. பிறந்த தேதியில் அடித்துத் திருத்தியிருப்பார்கள், அருகில் சுருக்கொப்பம் இருக்காது. பெண்கள் கவனிக்க வேண்டியது படிப்பு என்ற கட்டம். அதில் 'இரண்டாம் ஆண்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது இளநிலையா முதுநிலையா என்று தெரியாது, பாதிக் கட்டணம் போட்டுவிடுவார். 'பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். டிக்கெட் அச்சாகி வந்த பிறகு மாற்றுவது கடினம். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பெயர், வயது, கட்டணம், தேதி, புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன் எல்லாவற்றையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஸ்டேஷன் பெயர்கள்தான் அடுத்த சிக்கல். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்குப் பக்கத்து ஸ்டேஷன் வரைதான் சலுகை. ஆதாரில் பழைய முகவரி இருந்து, நீங்கள் வேறு ஊரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தால், அந்த முகவரிக்கு ஒரு சான்று வேண்டும். கல்லூரிப் பதிவேட்டிலும் அதே முகவரி இருக்கட்டும்.

இரண்டு வழிகள் உள்ள ஊர்களில் 'வழி' என்று அச்சாவதைப் பாருங்கள். அரக்கோணத்திலிருந்து தாம்பரத்துக்குச் சென்னை வழியாகவும் வரலாம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகவும் வரலாம். ஒரு வழிக்கு எடுத்த சீசன் மறு வழிக்குச் செல்லாது.

சீசன் டிக்கெட் அதிகபட்சம் 150 கிலோமீட்டருக்குத்தான் கிடைக்கும். விழுப்புரத்திலிருந்து சென்னை எழும்பூர் ஏறக்குறைய 159 கிலோமீட்டர், எனவே கிடைக்காது. விழுப்புரத்திலிருந்து தாம்பரம் அந்த எல்லைக்குள் வருகிறது. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலும் வருகிறது, சுமார் 130 கிலோமீட்டர்.

எந்தப் பெட்டியில் ஏறலாம்

சலுகை சீசனுடன் முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஏறலாம். காலையில் கூட்டம் தாங்காமல் ஸ்லீப்பரில் ஏறி நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். சீசன் கையில் இருந்தாலும் அங்கே நீங்கள் டிக்கெட் இல்லாத பயணிதான். பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு முறை மாட்டினால் ஒரு மாதச் சலுகையில் மிச்சமான பணம் போய்விடும். சில ரயில்களில் குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டும் சில ஸ்லீப்பர் பெட்டிகளை முன்பதிவில்லாதவையாக அறிவித்திருப்பார்கள். உங்கள் தடத்தில் அப்படி உண்டா, எந்தப் பெட்டி, எந்த ஸ்டேஷன் வரை என்று ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஏறுங்கள். மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்து ஏறாதீர்கள்.

சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் போவதானால் சீசனோடு அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டியிருக்க வேண்டும். சலுகை அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான், கூடுதல் கட்டணத்தில் பைசா குறையாது. போகும்போது பாசஞ்சர், மெமு, திரும்பும்போது மட்டும் எப்போதாவது சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இதைக் கட்டுவது வீண். வாரத்தில் எத்தனை நாள் அந்த ரயிலை நம்பியிருக்கிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

சீசனில் எந்த அடையாள அட்டையின் எண் இருக்கிறதோ அந்த அட்டையும் கூடவே இருக்க வேண்டும். டிடிஇ இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார். தொலைந்தால் நகல் தரமாட்டார்கள், பயன்படுத்தாத நாளுக்குப் பொதுவாகப் பணமும் திரும்பாது. அதனால் செமஸ்டர் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது மூன்று மாத சீசன் எடுப்பது நஷ்டம். புதுப்பிக்கும் நாளைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் கல்லூரியிடம் புதிய படிவம் தேவை என்பதால், முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் விடுப்பில் இருந்தால் நீங்கள்தான் முழுக் கட்டணம் கட்ட நேரிடும்.

பஸ்

தமிழ்நாட்டில் அரசு கலை, அறிவியல் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐடிஐ மாணவர்களுக்குக் கட்டணமில்லா பாஸ் உண்டு. தனியார் கல்லூரியில் படிப்பவர்கள் பாதிக் கட்டணம் செலுத்தி மாத பாஸ் எடுக்கலாம். அரசு உதவி பெறும் கல்லூரியை அரசுக் கல்லூரி என்று நினைத்து இலவசம் எதிர்பார்ப்பவர்கள் உண்டு. உங்கள் கல்லூரி எதில் சேரும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். பாஸில் வீட்டிலிருந்து கல்லூரிவரை என்று இரு இடங்களும் இருக்கும். அந்தத் தடத்தில், சாதாரணக் கட்டணப் பேருந்தில்தான் அது செல்லும். சினிமாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ வேறு தடத்தில் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கேட்பது சரிதான்.

ஜூன், ஜூலையில் புது பாஸ் வரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் பழைய பாஸையோ கல்லூரி அடையாள அட்டையையோ காட்டினால் அரசுக் கல்லூரி மாணவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் அறிவுறுத்துகிறது. முதலாண்டு மாணவருக்கு அடையாள அட்டையே வந்திருக்காது. சேர்க்கைக் கட்டண ரசீதோடு முதல்வர் கையெழுத்திட்ட ஒரு சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும்.

பெண்களுக்கு இதைத் தவிர விடியல் பயணம் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. கல்லூரி, படிப்பு, வயது எதுவும் பார்ப்பதில்லை, பாஸும் தேவையில்லை. கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை மட்டும் இறங்கும்வரை வைத்திருங்கள். இது டவுன் பஸ்ஸுக்குத்தான். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி, ஊருக்கு ஊர் போகும் மொபசல் பஸ் எதிலும் கிடையாது. அவசரத்தில் போர்டைப் பார்க்காமல் ஏறி, நடுவழியில் டிக்கெட்டுக்குக் காசு தேடும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும். மேட்டுப்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோவையில் இளநிலை படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கிராமத்திலிருந்து ஸ்டேஷன் வரை டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு ரயிலில் இலவச மாத சீசன். கோவை ஜங்ஷனிலிருந்து கல்லூரிக்கு மறுபடியும் டவுன் பஸ். மூன்று துண்டிலும் செலவில்லை. அதே வகுப்பில் படிக்கும் மாணவர் ரயிலுக்குப் பாதி சீசனும், இரு முனையிலும் கல்லூரி வகைக்கேற்ற பஸ் பாஸும் எடுக்க வேண்டும். பாஸ் விண்ணப்பத்தில் நேரடி பஸ் தடத்தை எழுதிவிட்டால் ஸ்டேஷனுக்குப் போகும் துண்டு விட்டுப்போகும். எந்தத் துண்டுக்கு எது என்று முடிவு செய்த பிறகே படிவம் எழுதுங்கள்.

சென்னையில் இரண்டு மூன்று பஸ் மாறிப் போகிறவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 'விருப்பம் போல் பயணம்' மாத பாஸ் இருக்கிறது. ஏசி அல்லாத பேருந்துகளுக்கு 1,000 ரூபாய், ஏசியும் சேர்த்து 2,000 ரூபாய். மாணவர் பாஸ் செல்லாத எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் பேருந்துகள் மட்டுமே ஓடும் தடத்தில் இருப்பவர்கள் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பாஸ் இருந்தும் ஏற்ற மறுத்தாலோ, நிறுத்தத்தில் நிற்காமல் போனாலோ பஸ்ஸின் பதிவு எண், தடம், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் சொல்லுங்கள். ரயில் சம்பந்தப்பட்டதற்கு 139. இந்த மூன்று விவரங்களும் இல்லாத புகாரில் நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு வழியில்லை.

மிச்சச் செலவுக்கு

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தனியார் கல்லூரியில் படித்தாலும் கிடைக்கும், பார்ப்பது பள்ளியைத்தான். பஸ் பாஸோ ரயில் சலுகையோ வாங்குவது இதைப் பாதிக்காது. மொபசல் பஸ் கட்டணத்துக்கு இது கைகொடுக்கும்.

தினமும் ஐந்து மணி நேரம் பயணத்திலேயே போகிறது என்றால் சலுகையைத் தாண்டி யோசிக்க வேண்டியதுதான். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக் கல்லூரி விடுதிகளில் தங்குமிடமும் உணவும் இலவசம். வருமான வரம்பு உண்டு. வீட்டிலிருந்து கல்லூரி குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இந்தத் தூர விதி மாணவியருக்குப் பொருந்தாது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை பெறும் எஸ்.சி. மாணவர் விடுதிக்கு மாறினால் கல்லூரியில் சொல்லிப் பதிவை மாற்ற வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு வீட்டிலிருந்து வருபவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய், விடுதியில் இருப்பவருக்கு 6,000 ரூபாய் என்று படித்தொகை வேறுபடுகிறது. விடுதியில் இடம் கேட்டுக் காத்திருக்கிறவர்கள், அது உறுதியாகும்வரை மூன்று மாத சீசனைத் தவிர்த்து மாதா மாதம் எடுப்பதே பாதுகாப்பு.